நூல் கயிறு

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "பாக்கல சார்" என்பதுதான். பொன்னேரிப் பக்கம் மழையா என்று டீக்கடைக்காரர் கேட்பார். "பாக்கல." எங்கள் ஜீப் டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பாத்தேன் சார். மீதி பாக்கல" என்றார். மீதி உண்டா என்றால் அதையும் அவர் பார்க்கவில்லை. இன்னொரு நாள் சீண்டிப் பார்க்கலாம் என்று, "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணையாவது பாத்தியா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பாக்கல சார். அதனால யாரு கேட்டாலும் ஒண்ணுஞ் சொல்லல. கட்டிக்கினு வந்தப்புறம் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"நல்லாகீதுன்னு."

அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு அப்போது இருபத்துநாலு. கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படித்துவிட்டு, பாறையே இல்லாத ஒரு மணல்காட்டில் வேலைக்கு வந்திருந்தேன். அரசாங்கச் சம்பளம், ஒரு தோல் பை, அதற்குள் நூறடி ஸ்டீல் டேப்பு. அவர் தினக்கூலி ஆள். வருகைப் பதிவேட்டில் மாதாமாதம் நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாதமும் அவருக்கு வேலை உண்டு.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெருந்தன்மை ஒன்றும் காரணமில்லை, பயம்தான். அவருடைய பிள்ளைகள் படித்து நல்ல நிலையில் இருப்பார்கள். யாராவது இதைப் படித்துவிட்டு, "இது எங்க அப்பாதானே" என்று வாசலில் வந்து நின்றால் முகம் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. எண்பதை நெருங்கிவிட்டேன். இன்றும் அவரை நினைத்தால் காது சூடாகிறது.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம் அது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கிராமங்களில் நிலத்தடியில் எங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வரைபடம் போட எங்களை அனுப்பியிருந்தார்கள். ஆபீஸ் திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு எங்கள் கேம்ப். பின்னால் தொழிற்பேட்டை வந்த இடம் அப்போது சவுக்கும் முள்ளுமாகக் கிடந்தது. மீஞ்சூரிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும், கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரை வரைக்கும் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் சுவரிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தோம். அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டு வருடம் அளந்த பிறகு படம். ஜீப் பெரும்பாலும் பெரிய அதிகாரிகளுக்கே போதாது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் போவோம்.

டேப்பின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு கட்டியிருக்கும். அதன் அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி குழிவு. தண்ணீரைத் தொடும்போது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு அவரைப்போல் ஒரு ஆள் கிடையாது. சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு டேப்பை விடுவார். பக்கத்தில் ஆடு கத்தினால்கூட மறுபடி தூக்கி மறுபடி விடுவார். சத்தம் கேட்டதும் வெள்ளைக் கோட்டில் விரலை வைத்து அழுத்தி, கண்ணைத் திறந்து, குனிந்து பார்த்து, "பதினாலு அடி, மூணு" என்பார். நான் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பேன். உடனே கேட்பார்: "எழுதினீங்களா சார்?"

ஒவ்வொரு கிணற்றிலும் கேட்பார். நான் எழுதுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாலும் கேட்பார். 'எழுதிட்டேன்' என்று நான் வாயால் சொன்ன பிறகுதான் டேப்பைச் சுருட்டுவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது யோசித்தால், அவருக்கு அந்த இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி. ஒரு பாதி அவர் பார்ப்பது, மறுபாதி நான் எழுதுவது. தன் பாதியை அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் கொட்டுகிற மழை. கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரில் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றோம். இன்னும் மூன்று கிணறு பாக்கி. நான் நோட்டை எடுத்துப் போன மாதக் கணக்கைப் பார்த்து, மழைக்கு இரண்டு அடி ஏறியிருக்கும் என்று வைத்து மூன்று எண்களை எழுதிவிட்டேன். எங்கள் ஆபீசில் இதை எல்லோரும் செய்வார்கள், அதற்கு 'டேபிள் ரீடிங்' என்று பெயரும் உண்டு. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்காத எப்டி சார் எழுதறது?" என்றார்.

"இந்த மழைல யாரு போவா? விடு."

அவர் டீயைக் குடித்துவிட்டு, டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு கோணிப்பையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே இரண்டு மசால்வடை சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். முதல் கிணறு ஏறியது நாலு அடி, இரண்டு இல்லை. இரண்டாவது ஏறவே இல்லை. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அது இல்லவே இல்ல சார். சரிஞ்சி மூடிக்கிச்சி. போன வாரமேயாம்."

இல்லாத கிணற்றில் நான் தண்ணீர் எழுதிவைத்திருந்தேன். அடித்துவிட்டுத் திருத்தினேன். "எழுதினீங்களா சார்?" என்றார். டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று எனக்கு அவரை மிகவும் பிடித்துப் போனது.

முதல் ஆறு மாதம் அளந்ததெல்லாம் வயல் கிணறுகள். அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கிணறுகளில் தண்ணீர் இறைத்து மடை திருப்புகிறவர்களே அவருடைய சனம்தான். குடிதண்ணீர்க் கிணறுகளையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த பிறகுதான் விஷயம் வேறானது.

மீஞ்சூருக்கு வடக்கே ஒரு கிராமம். அது அவருடைய சொந்த ஊர். ஊர் என்றால் ஊருக்கு வெளியே, தென்னந்தோப்பைத் தாண்டி இருந்த காலனி. ஊரின் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் காலனிக் கிணற்றுக்கும் நடுவே ஒரு முள்வேலி, நூறு நூற்றைம்பது தப்படி தூரம். அவ்வளவுதான். நாங்கள் போனபோது ஊரின் மணியக்காரர் கிணற்றடியில் நின்றிருந்தார். எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பியவர், மரியாதை தெரிந்த மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"நம்மாளுதான் சார். சின்னதுலருந்து தெரியும், தங்கமானவன்" என்றார். "ஆனா பாருங்க, குடிக்கிற தண்ணி. ஊட்டுப் பொம்பளைங்க பேசிக்குவாங்க. நீங்களே அளந்துக்குங்க. அவன் அப்டி நிக்கட்டும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். டேப்பை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டேன். அளந்தேன். சத்தம் சரியாகக் கேட்காமல் மூன்று முறை விட்டேன். திரும்பி வந்து, எதுவுமே நடக்காதது போல், "பதினாறு அடி ரெண்டு, சரிதானே?" என்று அவரிடம் கேட்டேன்.

"பாக்கல சார்" என்றார்.

நான் எந்தச் சாதி என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முக்கியம். அந்த வேலியைத் தாண்டி என்னால் போக முடிந்தது.

இதுவரைக்கும் நடந்ததற்காவது ஊர் வழக்கம் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் கைங்கரியம். கிளம்பும்போது மணியக்காரர், "அப்பால காலனிக் கெணத்துக்கும் இதே டேப்புதான் போவுதா சார்?" என்று கேட்டார். சும்மா கேட்டார். என்ன சொல்ல வந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் வாயை மூடுவதற்குள் நான் சொன்னேன்: "சே சே. அங்க வேற வச்சுக்கறோம்."

ஆபீஸ் கொடுத்தது ஒரே ஒரு ஸ்டீல் டேப்பு. அதனால் அன்று மதியமே கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு நூல் கயிறு வாங்கினேன். நல்ல வெள்ளைக் கயிறு, விரல் மொத்தம். கேம்ப் வீட்டுத் தாழ்வாரத்தில் டேப்பை நீட்டிவைத்து, அதன் பக்கத்தில் கயிற்றைப் போட்டு, அடிக்கு ஒரு முடிச்சாக அவரையே போடச் சொன்னேன். ஐந்து முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி, நுனியில் வேறொரு இரும்புக் குண்டு. போட்டுக்கொண்டே சொன்னார்.

"நூல் கயிறு சார். நனைஞ்சா சுருங்கும். பழவேற்காட்டுல வலைக்காரங்க நல்லா ஊறவெச்சி, காயவெச்சி, அப்பால தான் அளந்து முடி போடறாங்க."

"நீ பாத்தியா?" என்று அவர் வார்த்தையை வைத்தே மடக்கினேன்.

"பாத்தேன் சார்."

"சரி சரி, போடு. பாத்துக்கலாம்."

முடிச்சு போட்டு முடித்ததும் டேப்பைத் துணியால் துடைத்து, வழக்கம் போலத் தேங்காயெண்ணெய் தடவிச் சுருட்டி, என் தோல் பைக்குள் வைத்தார். அதன் பிறகு வயல் கிணறுகளில்கூட அந்த டேப்பை அவர் தொடவே இல்லை. தொடாதே என்று நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஊர்க் கிணறுகளில் டேப்பு, காலனிக் கிணறுகளில் கயிறு. அந்த ஒரு கிராமத்தில் மட்டும் இல்லை, மீஞ்சூர் தொடங்கி எல்லாக் கிராமத்திலும். மற்ற ஊர்களில் யாரும் கேட்கவே இல்லை, நானே வழக்கமாக்கிவிட்டேன். திருவள்ளூரில் என் மேலதிகாரி ஒருவருக்கு மட்டும் இதைச் சொன்னேன். "நல்ல யோசனை, தகராறு வராம பாத்துக்கிட்டீங்க" என்று தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் சீக்கிரமே மாற்றலாகிப் போனார்.

காலனிக் கிணறுகளில் அவர் எண்ணைச் சொல்லும் விதம் மாறிவிட்டது. அதை நான் கவனிக்க ஒரு மாதம் ஆயிற்று. முன்பு "பதினாலு அடி" என்பார். இப்போது "பதினேழு முடிச்சு" என்றார். அடி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் பார்த்தது முடிச்சைத்தானே. நான் 'அடி' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் அவருடைய காலனிக் கிணற்றில் அளந்துவிட்டு நின்றார். உறை இறக்கிய கிணறு அது. உள்ளே எட்டிப் பார்த்தால் மேலிருந்து உறைகளை எண்ணலாம்.

"சார், போன தையில தண்ணி ஒம்பதாவது உறையில நின்னுது. பாத்தேன். இப்பவும் ஒம்பதாவது உறைதான், நீங்களே பாருங்க. கயிறு மட்டும் ஒன்றர முடிச்சு எறக்கிக் காட்டுது. ஊர்க் கெணத்துல எவ்ளோ?"

சொன்னேன். கயிற்றுக் கணக்குக்கும் அதற்கும் ஒன்றரை அடிக்கு மேல் வித்தியாசம்.

"ஒரே மணலு சார். நடுவுல வேலி மேலதான கீது, கீழ இல்லையே. எப்டி எறங்கும்?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "டேப்பக் குடுங்க சார். ஒரே ஒரு தபா உட்டுப் பாத்துட்றேன்."

டேப்பு என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. கை நீட்டினால் தொடலாம். காலனி ஜனம் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே டேப்பு இறங்கிய செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றேன். அடுத்த மாதம் மறுபடி கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். மூன்று முறை கேட்ட பிறகு விட்டுவிட்டார்.

அவர் ஏன் அவ்வளவு கேட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. படம் முடிந்ததும் அதை வைத்துத்தான் ஆழ்துளை போட்டுக் கைபம்பு வைக்கப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தண்ணீர் நன்றாக உள்ள இடத்துக்கு நீலம், சுமாருக்குப் பச்சை, மோசத்துக்கு மஞ்சள். முதலில் நீலத்துக்குப் பம்பு, பிறகு பச்சைக்கு. மஞ்சளில் துளை போட்டுப் பயனில்லை என்பது முடிவு. காலனிக் கிணறு ஆழம் குறைவு. சித்திரையில் அடி உறையில் ஒரு சாண் கலங்கல்தான் இருக்கும். அவருடைய மனைவியும் மற்ற பெண்களும் இரண்டு மைல் நடந்து ஏதாவது வயல் பம்பு செட்டில் கரண்ட் வரும்வரை குடத்தோடு காத்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். வழியில் சைக்கிளில் போகும்போது பார்த்திருக்கிறேன். அவரும் பார்ப்பார். பெல் அடிக்காமல் ஓரமாகப் போவார்.

திருவள்ளூர் ஆபீசில் உட்கார்ந்து படம் போட்டேன். கலர் அடித்து முடித்து எட்ட நின்று பார்த்தபோது எனக்கே பகீர் என்றது. ஒவ்வொரு ஊரும் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தது. ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் ஒரு மஞ்சள் பொட்டு. நிலத்தடித் தண்ணீர் வேலியைப் பார்த்து நின்றுவிட்டது போல இருந்தது. அந்த நிமிடமாவது நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருட வேலை பாழ், என் பெயர் பாழ், கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை.

பெரிய அதிகாரி ஒருவர் அந்தப் பொட்டுகளைக் கவனித்துவிட்டார். நேரில் விசாரிக்கக் கும்மிடிப்பூண்டிக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் நான் என்கூட அளக்கிறவரைக் கூப்பிட்டு, "உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதப்போறேன். நாளைக்கு அவர் ஏதாவது கேட்டா ஜாஸ்தி பேசாதே" என்றேன். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் ஒரே மூச்சில் சொன்னேன். "சரிங்க சார்" என்றார்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தை மடியில் விரித்துக்கொண்டார்.

"எல்லாக் கிணத்தையும் ஒரே டேப்லதானே அளந்தீங்க?"

"ஆமா சார்" என்றேன். "காலனியெல்லாம் ஜனம் நெருக்கம் சார். ஓயாம இறைக்கறாங்க. அதான் அங்கங்கே இறங்கியிருக்கு."

இந்தப் பொய் அவ்வளவு சரளமாக என் வாயில் எப்படித் தயாராக இருந்தது என்று நான் பிற்பாடு யோசித்திருக்கிறேன். இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமக்கிற பெண்களைத்தான் ஓயாமல் இறைக்கிறார்கள் என்றேன்.

அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் தூணுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "ஏம்பா, காலனிப் பக்கம் ஏதோ கயித்தை வச்சு அளக்கறதா ஒரு பேச்சு காதுல விழுந்தது. அப்படி ஏதாவது பாத்தியா?"

கயிறு முற்றத்தில், அவருடைய சைக்கிள் கேரியரில் இருந்த பைக்குள் இருந்தது. சிவப்புத் துணி ஒன்று பைக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கல சார்" என்றார்.

அதிகாரி திருப்தியாகி, நான் சொன்ன காரணத்தையே அறிக்கையில் எழுதச் சொன்னார். ஜீப் போன பிறகு எனக்கு உயிர் வந்தது. பஜாருக்குப் போய் அவருக்கு நாஷ்டா வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டேன். "பசிக்கல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் முடிந்த பிறகும் மாதாமாதம் அளப்பது நிற்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய காலனிக் கிணற்றில் அளக்கப் போனோம். சுவரில் கன்னத்தை வைத்தார், கயிற்றை விட்டார், சத்தம் கேட்டதும் விரலை அழுத்தினார். எல்லாம் வழக்கம் போலத்தான். நான் பேனாவோடு காத்திருந்தேன். எண் வரவில்லை. விரலை எடுக்காமல் தலையை மட்டும் நகர்த்திக்கொண்டு, "நீங்க பாத்து எழுதிக்குங்க சார்" என்றார். பார்த்தேன், எழுதினேன். எழுதினீங்களா என்று அவர் கேட்கவில்லை. அதன் பிறகு ஒரு கிணற்றிலும் அவர் எண் சொல்லவில்லை. டீக்கடையில் யாராவது மழையா என்று கேட்டால் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். 'பாக்கல' என்ற வார்த்தையையே அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. ஒரு மனுஷனிடம் இருந்த ஒரே சொத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். அதுவும் எனக்காக அவர் கையாலேயே எடுத்துக்கொடுக்கும்படி செய்தேன்.

ஊரில் மணியக்காரர் தெருவிலேயே கைபம்பு வந்தது. காலனிக்கு வரவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் அவருடைய மனைவி என்னிடம் கேட்டார். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு காலிக் குடம்.

"சார், படத்துல எங்களுக்கு இன்னா கலரு போட்டுகீறீங்க?"

"மஞ்சள்" என்றேன்.

"மஞ்சளா. நல்ல கலரு சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. என்கூட நின்றிருந்த அவர், சைக்கிள் செயினைக் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுதவும் இல்லை. சைக்கிளையும் எண்ணெய் டப்பாவையும் கயிற்றையும் கொண்டுவந்து தாழ்வாரத்தில் வைத்தார். கயிறு நன்றாகக் காய்ந்து, அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. "எல்லாம் கீது சார், பாத்துக்குங்க" என்றார். அவர் தெரு முனை திரும்பும்வரை நின்றுவிட்டு, நான் டேப்பை எடுத்து நீட்டிக் கயிற்றைப் பக்கத்தில் போட்டேன். இருபதாவது முடிச்சு பதினெட்டரை அடியில் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போனேன். முதலில் ஊர்க் கிணறு, பிறகு அதே டேப்பில் காலனிக் கிணறு. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஒருவர் கூட ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருடமாக நான் பயந்தது எதற்கு என்று விளங்காமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அவரை இன்னொரு முறை பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பிவிட்டன. நான் பதவி உயர்ந்து, ஒரு தொழிற்சாலை ஆழ்துளை போடுவதற்கு இடம் பார்க்கப் போயிருந்தேன். கையில் என்னுடைய அதே படம். கேட்டில் காக்கிச் சட்டையோடு அவர். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் வைத்து, வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டை நீட்டினார். நான் மணியைக் குத்துமதிப்பாக எழுதப் போனேன். "சுவத்துல கடியாரம் கீது சார். பாத்துட்டு எழுதுங்க" என்றார்.

"உங்க ஊர்ல இப்ப தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவரை முதல்முறையாக 'நீங்க' என்று பேசினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"போன வருசம் போர் போட்டாங்க சார். உப்பு ஏறிப் போச்சி. முன்னாடியே போட்டிருந்தா கொஞ்ச வருசமாவது நல்ல தண்ணி குடிச்சிருக்கும் சனம்."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. ஏழெட்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. "நீங்க போனப்புறம் நான் தனியாப் போய் ரெண்டு கிணத்தையும் ஒரே டேப்புல அளந்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒரே தண்ணி. வித்தியாசமே இல்லை" என்றேன்.

அவர் முகம் பழைய மாதிரி ஆனது. கிணற்றுச் சுவரிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் முகம்.

"எழுதினீங்களா சார்?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப எங்கிட்ட சொல்லி இன்னா சார்" என்றார். கோபமே இல்லை. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.

ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அந்த நோட்டுப் புத்தகங்களைச் செல்லரித்திருக்கும். அந்தக் காலனிக்கு இதனால் ஒரு குடம் தண்ணீர்கூட வராது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஊர்க் கிணறு, பதினெட்டு அடி நாலு அங்குலம். காலனிக் கிணறு, பதினெட்டு அடி ஆறு அங்குலம். அளந்தது நான். ஒரே டேப்பு.